மஞ்சள் பொட்டு வைத்த கேசட்

எண்பத்தாறாம் வருடம், ஆனி மாதம். மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். கடை என்றால் எட்டடிக்குப் பத்தடி. இரண்டு டேப் டெக், ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஹெட்ஃபோன், காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகத் தரும் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். வருகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, காலி கேசட்டில் வரிசையாகப் பதிந்து, அட்டையில் பெயர்களை எழுதி வைப்பேன்.

அந்தத் தொழிலில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மற்ற கடைக்காரர்கள் டெக்கை ஓடவிட்டுவிட்டு ஊர்க்கதை பேசப் போய்விடுவார்கள். நான் அப்படியில்லை. பதிவாகும் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை கூடவே கேட்பேன். எங்கேயாவது நாடா இழுத்தாலோ சத்தம் மங்கினாலோ நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து பதிவேன். என் காதில் விழாமல் ஒரு பாட்டும் இந்தக் கடையை விட்டு வெளியே போகாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வேன். இந்த விதிக்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது. அந்த விலக்கால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் தங்கி விவசாயம் படித்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் கடைக்கு வாடிக்கையாக வருவான். சொந்த ஊர் எழுமலை. அவனுடைய தாய்மாமன் கப்பலில் வேலை பார்த்ததால் வெளிநாட்டுக் கேசட்டுகள் அவனிடம் வந்து சேரும். அவற்றை விடுதி நண்பர்களுக்காகப் படி எடுக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவருவான். எல்லாம் ஹெவி மெட்டல்.

ஹெவி மெட்டலே எனக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். அவன் முதலில் கொண்டுவந்த இரண்டு மூன்று கேசட்டுகளில் கிடாரையும் டிரம்ஸையும் கேட்டு அசந்துதான் போனேன். அத்தனை வேகத்திலும் தாளம் இம்மியளவு பிசகவில்லை. பிறகுதான் அவனுக்கு அதிலேயே ஒரு தனி ரகத்தின் மேல் பைத்தியம் பிடித்தது. அதற்குப் பேய் மெட்டல் என்று நானே பெயர் வைத்தேன். அட்டைப் படத்தில் முகம் முழுக்கச் சுண்ணாம்பு பூசி, கண்ணைச் சுற்றி மை அப்பி, வாயோரம் சிவப்புச் சாயம் வழிய நாலு பேர் நிற்பார்கள். பின்னால் கல்லறை. கேசட்டைப் போட்டால் பாட்டு வராது. முதலில் காற்று ஊளையிடும். மணி அடிக்கும். காக்கை கத்தும். சவப்பெட்டி மூடி கிறீச்சென்று திறக்கும். யாரோ மூச்சு வாங்கிக் கிசுகிசுப்பார்கள். இதெல்லாம் முடிந்தபிறகு, போனால் போகிறது என்று நாலு நிமிஷம் வாசிப்பார்கள். மறுபடியும் காற்று, மணி, காக்கை.

சித்திரைப் பொருட்காட்சியில் டிக்கெட் வாங்கிக்கொண்டு பேய் வீட்டுக்குள் போனால், எலும்புக்கூடு வரைந்த துணியைப் போர்த்திக்கொண்டு ஒருவன் "ஊ" என்பான். அவன் காலில் ரப்பர் செருப்பு தெரியும். அந்தப் பாட்டுகளைக் கேட்டால் எனக்கு அந்த ரப்பர் செருப்புதான் ஞாபகம் வரும். இவ்வளவு நன்றாக வாசிக்கத் தெரிந்தவனுக்கு எதற்கு இந்த வேஷம் என்று எரிச்சலாக இருக்கும்.

"அண்ணே, இதுல ஒரு எடத்த பின்னாடியிருந்து ஓடவிட்டா சாத்தான் பேசுமாம்ணே" என்றான் ஒருநாள், கண்ணை அகல விரித்துக்கொண்டு.

"ஏன், சாத்தானுக்கு நேராப் பேசத் தெரியாதாமா?"

"போங்கண்ணே, உங்களுக்கு எல்லாமே கிண்டல்தான்."

அதனால் அவன் கேசட்டுகளுக்கு மட்டும் என் விதியைத் தளர்த்திவிட்டேன். டெக்கை ஓடவிட்டு, ஸ்பீக்கர் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவேன். பதிவு நடக்கிறதா என்று காட்டுவதற்கு டெக்கின் முகப்பில் ஒரு முள் ஆடும். அது ஆடினால் எனக்குப் போதும். சந்து முனைக்கு டீ குடிக்கப் போய்விடுவேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். காலி கேசட்டுகளை டஜன் கணக்கில் வாங்கி வந்தால், என் மனைவி அவற்றைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, ஒவ்வொன்றின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தின் மூலையிலும் குழைத்த மஞ்சளால் ஒரு பொட்டு வைத்துத்தான் கடைக்குக் கொடுத்தனுப்புவாள். நாளடைவில் அதுவே எனக்கு அடையாளமாகிவிட்டது. மஞ்சள் பொட்டு இருந்து, எழுத்து எதுவும் இல்லையென்றால் அது காலி கேசட். கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பதியலாம்.

ஒரு வியாழக்கிழமை மதியம் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். சாயப்பட்டறை வைத்திருந்தவர். நகக்கண்களில் ஊதாச் சாயம் ஏறியிருந்தது. அவரும் என்னைப் போல வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். நாங்கள் பேசிக்கொண்டதும் அந்தப் பாஷையில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவருடைய ஒரே மகன் குவைத்தில் இருந்தான். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருப்பவரிடம் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் போட்டுவிட்டுத் தவம் கிடக்க வேண்டும். அதனால் பல வீடுகளில் சொல்ல வேண்டியதைக் கேசட்டில் பேசி, அங்கே போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவார்கள். அவருடைய மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, மகனுக்காக ஒரு பக்கம் முழுக்கப் பேசியிருக்கிறார். மூன்றாம் நாள் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. கொள்ளி வைக்கக்கூட வர முடியவில்லை.

"அவ இதுல என்ன பேசியிருக்கான்னு எனக்குத் தெரியாது தம்பி. போட்டுக் கேக்கலாம்னு எடுப்பேன், கை ஓடாது. இதே மாதிரி இன்னொண்ணு எடுத்துக் குடு. இது மகனுக்குப் போகட்டும். அது வீட்டுல இருக்கட்டும். என்னைக்காவது தெம்பு வந்தா கேட்டுக்கிறேன்."

புதன்கிழமை சாயங்காலம் அவர் தெருப் பையன் ஒருவன் குவைத்துக்குப் புறப்படுகிறான், அதற்குள் வேண்டும் என்றார். சரி என்று வாங்கிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. அவர் போனதும், இருட்டும் புழுக்கமும் தாங்காமல் கேசட்டை டெக்கின் மேலேயே வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். பதிவு அழிந்துவிடாமல் இருப்பதற்காகக் கேசட்டின் முதுகில் உள்ள சின்ன பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுவது என் வழக்கம். வாங்கிய கையோடு உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை.

கரண்ட் வருவதற்குள் மாணவன் வந்துவிட்டான். கையில் புதுக் கேசட். இருப்பதிலேயே பயங்கரம் இதுதான் என்று சொல்லி, அட்டையை என் மூக்குக்கு நேராக நீட்டினான். வேறு யார், சுண்ணாம்பு பூசிய அதே நாலு பேர்தான். கரண்ட் வந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தினான். எனக்கும் அவனை அனுப்பினால் போதும் என்றிருந்தது. டெக்கின் மேல் ஒரு கேசட் இருந்தது. மூலையில் மஞ்சள் பொட்டு. எழுத்து இல்லை. எடுத்துப் போட்டேன். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தேன். முள் ஆடியது. டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அவன் கேசட்டின் முதல் பக்கம் முடிந்து சில நிமிஷம் ஆகியிருந்தது. என் டெக் மட்டும் வெறுமையைப் பதிந்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தது. திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் அதே மாதிரி முடித்து, மேலே பெயர் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

சனிக்கிழமை பெரியவரின் கேசட்டைப் படி எடுக்கலாம் என்று தேடினால் காணோம். அலமாரி, இழுப்பறை, ஸ்பீக்கருக்குப் பின்னால், குப்பைக்கூடை என்று எல்லா இடமும் பார்த்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மனைவியும் வந்து கடையைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினாள். இன்னொருவர் பொருள் தொலைந்தால் வாங்கிக் கொடுத்துவிடலாம். இதை எங்கே போய் வாங்குவது? திங்கட்கிழமை காலையில் பெரியவரே வந்து எட்டிப் பார்த்தார்.

"கரண்ட் சரியில்ல பெரியப்பா. புதன்கிழமை காலையில வாங்க" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். போவதற்கு முன்னால் இரண்டு டெக்குகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டில் எதற்குள் அவர் மனைவி இருக்கிறார் என்று கேட்பது போல இருந்தது எனக்கு.

அன்று மதியம் மாணவன் வந்தான். வழக்கமான துள்ளல் இல்லை. நெற்றி நிறையத் திருநீறு. அவனை அப்படி நான் பார்த்ததேயில்லை.

"அண்ணே, அந்த கேசட்ல ஒரு பொம்பள பேசுதுண்ணே."

"பேசும். காக்கா கத்தும், கதவு கத்தும். அந்தக் கூத்துக்குத்தானடா நீங்க கேக்குறதே?"

"இல்லண்ணே. எங்க மாமா குடுத்த ஒரிஜினல்ல அது இல்ல. ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டோம். நீங்க பதிஞ்சு குடுத்ததுல மட்டும் இருக்கு. மணி அடிக்கிற எடத்துல, காத்து வீசுற எடத்துலல்லாம் அடியில பேசிக்கிட்டே இருக்கு. தமிழ் இல்ல, இங்கிலீஷும் இல்ல. ஒரே வார்த்தைய திருப்பித் திருப்பிச் சொல்லுதுண்ணே."

அவனோடு தங்கியிருந்தவனுக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து காய்ச்சலாம். மலையடிவாரக் கிணற்றில் கேசட்டைப் போட்டுவிட வேண்டும் என்று விடுதியில் முடிவு செய்திருக்கிறார்கள். எடுத்துக்கொண்டு போகத்தான் ஒருவனும் முன்வரவில்லையாம். நான் சிரித்தேன். சிரித்தேனே தவிர, கையில் மயிர் எழுந்து நின்றது. கடையைப் பூட்டிவிட்டு அவனோடு பஸ் ஏறினேன். அந்தப் பையன்கள் மேல் உள்ள அக்கறையால் போகவில்லை. என் காதில் விழாத ஒரு சத்தம் என் கடையிலிருந்து வெளியே போயிருக்கிறதென்றால் அது என்னவென்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி வெயில். விடுதிக்குப் பின்னால் யானைமலை படுத்துக் கிடந்தது. ஓர் இலை அசையவில்லை. அறைக்கு வெளியே ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே சன்னல்களை எல்லாம் சாத்தி வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. காய்ச்சல்காரன் கட்டிலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். மேஜையில் டேப் ரெக்கார்டர். பக்கத்தில் அந்தக் கேசட், அதன் மேல் ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு கொத்து வேப்பிலையும்.

எலுமிச்சம்பழத்தை நகர்த்திவிட்டுக் கேசட்டைப் போட்டேன். காற்று ஊளையிட்டது. ரப்பர் செருப்பு, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மணி ஒரு தரம் அடித்தது. இரண்டாம் தரம் அடித்தது. மூன்றாவது மணிக்கு முன்னால், நாடாவின் இரைச்சலுக்கு அடியில், ஆழக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு பெண் குரல் கேட்டது.

"சாப்பிட்டியாப்பா? கேக்குதா?"

என் பாஷை. என் வீட்டுப் பாஷை.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் பெரியவரின் கேசட் என் நினைவுக்கு வரவில்லை. சன்னல் சாத்திய அறையில், முகம் தெரியாத ஒருத்தி, அங்கே என்னைத் தவிர யாருக்கும் புரியாத பாஷையில், சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். என்னைத்தான் கேட்கிறாள் என்று நம்பிவிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. மூன்றாவது மணி அடித்துக் குரலை விழுங்கியது. பிறகு கிடார்கள் இரைந்தன. அவை ஓய்ந்து காக்கை கத்தியபோது மறுபடியும் அந்தக் குரல். மாவு திரித்து வைத்திருப்பதாக ஏதோ சொன்னது. பிறகு மறுபடியும், "கேக்குதா?"

"அதான்ணே, அந்த வார்த்தைதான்" என்றான் மாணவன் வாசற்படியில் நின்றபடி. "சாத்தான் பாஷையாண்ணே?"

டேப் ரெக்கார்டரை நிறுத்திக் கேசட்டை வெளியே எடுத்தேன். நான் எழுதிய ஆங்கில எழுத்துகளுக்குப் பக்கத்தில், மூலையில், அந்த மஞ்சள் பொட்டு. என் மனைவி மோதிர விரலின் நுனியால் கடுகளவுதான் வைப்பாள். இது கட்டை விரலால் அழுத்தி வைத்தது. காய்ந்த மஞ்சளில் விரல் ரேகை வரிவரியாகத் தெரிந்தது. நல்ல சேதி சொல்லும் கடிதத்தின் மூலையில் மஞ்சள் தடவுவோம் அல்லவா? எழுதத் தெரியாத அந்த அம்மாவுக்கு இந்தக் கேசட்தான் கடிதம். அதனால் அதற்கும் தடவியிருக்கிறார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"பேயுமில்ல, சாத்தானுமில்லப்பா" என்றேன். "இது எங்க பாஷ. ஒரு அம்மா மகன்கிட்ட பேசுறாங்க. அவங்க இப்ப உயிரோட இல்ல. நான்தான் பாக்காம அது மேல இந்தக் கூத்தப் பதிஞ்சு அழிச்சுட்டேன்."

காய்ச்சல்காரன் போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

"என்னண்ணே கேக்குறாங்க?"

"சாப்பிட்டியான்னு கேக்குறாங்க. நான் பேசுறது கேக்குதான்னு கேக்குறாங்க."

யாரோ போய்ச் சன்னலைத் திறந்தார்கள்.

நடந்தது இதுதான். என் இரண்டாவது டெக்கில் பழைய பதிவை அழிக்கும் ஹெட் தேய்ந்துபோயிருந்தது. மாற்றிவிடுங்கள் என்று மெக்கானிக் சொல்லி மாதக்கணக்காகியிருந்தது. காலி கேசட்டில்தானே பதிகிறோம், அழிக்க அதில் என்ன இருக்கிறது என்று நான் விட்டுவிட்டேன். அந்தச் சோம்பேறித்தனத்தால் அந்த அம்மாவின் குரல் முழுக்க அழியாமல் பாட்டுக்கு அடியில் தங்கிவிட்டது. கிடாரும் டிரம்ஸும் முழங்கும் இடங்களில் ஒன்றும் கேட்காது. காற்றும் மணியும் காக்கையும் வரும் இடங்களில் மட்டும் மெல்லக் கேட்கும்.

செவ்வாய்க்கிழமை கடையைத் திறக்காமல், விடுதியிலிருந்து கொண்டுவந்த கேசட்டோடு உள்ளே உட்கார்ந்தேன். மாணவன் காலையிலேயே வந்துவிட்டான். அந்தக் கேசட் முழுவதும் அவனுக்கு மனப்பாடம். "இந்தா, இப்ப டிரம்ஸ் நிக்கும்ணே. கதவு தொறக்கும். அப்பறம் எட்டு எண்ணுற வரைக்கும் காத்து மட்டும்தான்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அப்படியே நிற்கும். அந்த இடைவெளியில் நான் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சத்தத்தைக் கூட்டி, அவர் சொல்வதைப் பிடித்து இன்னொரு கேசட்டில் பதிந்தேன். எதைக் கேட்கக் கூடாது என்று சத்தத்தைக் குறைத்தேனோ அதை அன்றைக்கு ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு காக்கையும் எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அந்த நாலு பேரும் வேஷம் போடாமல், நான் விரும்பியபடி முதலிலிருந்து கடைசி வரை நன்றாக மட்டும் வாசித்திருந்தால், அந்த அம்மாவின் ஒரு சொல்கூட மிஞ்சியிருக்காது. இதை நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

நீளமாகக் கிடைத்தது கடைசி மூன்று நிமிஷம்தான். நான் டீக்கடையில் நின்றிருந்தபோது டெக் வெறுமையைப் பதிந்ததே, அந்த இடம். அங்கே மறைக்க எந்தச் சத்தமும் இல்லை. புதன்கிழமை காலையில் பெரியவர் வந்ததும் ஸ்டூலில் உட்காரவைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கரண்ட் என்று சொன்ன பொய்யையும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அம்புட்டும் போச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"கொஞ்சம் இருக்கு பெரியப்பா. அங்கங்க இருக்கு."

ஊதா படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு, "நீ கேட்டுட்டேல்ல. என்ன சொல்றா? மொதல்ல நீ சொல்லு" என்றார்.

சொன்னேன். சாப்பிட்டாயா என்று கேட்கிறார். மாவு திரித்து வைத்திருக்கிறேன், வருகிறவர் கையில் அனுப்புகிறேன் என்கிறார். வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொள் என்கிறார். கடைசியில், "நீ லெட்டர் எழுதினா என் பேருக்கே எழுதுற. அப்பா எனக்கு வாசிச்சுக் காட்டிட்டு மடிச்சு என்கிட்டயே குடுத்துருவாரு. அவர் பேருக்குன்னு தனியா ஒண்ணு எழுது. அவருக்கும் ஆசையா இருக்கும், கேக்க மாட்டாரு" என்கிறார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டு கேசட்டைப் போட்டேன்.

காற்று வீசியது. மணி அடித்தது. "சாப்பிட்டியாப்பா? கேக்குதா?"

"கேக்குது" என்றார் பெரியவர், சத்தமாக. "சொல்லு."

டிரங்க் காலில் கத்துவார்களே, அப்படி. அந்த அம்மா ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் "கேக்குதா?" என்றார். இவர் ஒவ்வொரு தடவையும் "கேக்குது, சொல்லு" என்றார். நான் அந்தச் சின்னக் கடையில் இரண்டு பேருக்கும் நடுவில், மூச்சுவிடவும் கூசிக்கொண்டு நின்றேன். கடைசி நிமிஷத்தில் அந்த அம்மா, "சுத்திக்கிட்டேதான் இருக்கு. உள்ள போகுதா என்னன்னு தெரியல. ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கிறீங்க. சரி, வச்சிரட்டுமா?" என்றார். அதற்கு மட்டும் பெரியவரால் பதில் சொல்ல முடியவில்லை.

நடுவில் காக்கை கத்தியபோது அவர் என் பக்கம் திரும்பி, அழுகையோடு சிரித்தார். "பாத்தியா, காக்காவுக்குச் சோறு வச்சுட்டு வந்துதான் பேச உக்காந்திருக்கா." அந்தக் காக்கை யாருடையது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

புதிதாகப் பதிந்த கேசட்டிலிருந்து இன்னொரு படி எடுத்து, நடந்ததை மகனுக்கு நானே ஒரு கடிதமாக எழுதி, குவைத் போகிறவனிடம் கொடுக்கச் சொன்னேன். பெரியவர் இரண்டு கேசட்டையும் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு, பாட்டுப் பதிந்த பழைய கேசட்டையும் கேட்டார்.

"பாட்டுக்கு அடியில மிச்சத்தையும் பேசிக்கிட்டுத்தான இருப்பா?"

"இருந்தாலும் கேக்காது பெரியப்பா."

"கேக்காட்டி என்ன? இருக்கால்ல" என்று சொல்லி அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதன்பிறகு கடைப்பக்கம் அவர் வரவேயில்லை.

மகனிடமிருந்து எனக்குப் பதில் வரவில்லை. ஐப்பசி வாக்கில் மஹால் பக்கம் போனபோது, தெருவோரம் பெரியவர் தனியாக நின்று ஒரு கடிதத்தை வாசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் உறையைத் திருப்பி முகவரி இருந்த பக்கத்தைக் காட்டினார். அவர் பெயர்தான் எழுதியிருந்தது.

பேய் வேஷம் போட்ட அந்த இசை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் பிடிக்காத ஒன்றின் சத்தத்தைக் குறைக்கக் கை போகும்போதெல்லாம், அதற்கு அடியில் யாரோ கேட்கிறதா, கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார்களோ என்ற பயம் வந்து கை நின்றுவிடுகிறது.